ஒரிஜினல் ரப்பர்

பால் கேன்மேல் ஒரு கட்டைவிரல் ரேகை இருந்தது. கருப்பாக, ஈரம் காயாமல், ஃபிரிட்ஜ் விளக்கில் லேசாக மினுங்கிக்கொண்டு. ஹோலிஸ் அதைப் பார்த்ததும் முதலில் பெருமூச்சு விட்டான். அடுத்து, வழக்கம்போல, பெண்டாட்டிமேல் பழியைப் போட்டான்.

"லவோன், என் ஒர்க்ஷாப்புக்குள்ள போனியா?"

"இந்த இடுப்பை வெச்சுக்கிட்டா?" முன்னறை நாற்காலியிலிருந்து குரல் வந்தது. "பாத்ரூம் போய்ட்டு வர்றதுக்கே எனக்கு நாக்கு தள்ளுது. உன் தார்க் கையோட ஃபிரிட்ஜைத் தொறந்துட்டு என்னைக் கேக்குறியா?"

ஹோலிஸ் தன் கைகளைப் பார்த்தான். சுத்தமாக இருந்தன. ஸ்பிரிட் போட்டுத் தேய்த்துத் தேய்த்து வெளுத்துப்போன, நகம் வரைக்கும் சுத்தமான கைகள். ரேகையின்மேல் தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தான். அது அவனுடையதைவிட அகலம். குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு சாய்வாகப் போயிற்று. எங்காவது பட்டு இழுபட்டிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, காகிதத்தால் துடைத்துக் குப்பையில் போட்டான். கருகிய டயரோடு பழைய இருமல் மருந்தைக் கலந்ததுபோல ஒரு நாற்றம், கேனை மூடி வைத்த பிறகும், மூக்கை விட்டுப் போகவில்லை.

அந்த நாற்றம் அவனுக்குப் புதிதில்லை. அதோடுதான் அவன் பிழைப்பே. அமெரிக்காவில், ஒரிகானின் அந்தப் பள்ளத்தாக்கில் இலையுதிர்காலம் தொடங்கிவிட்டால் மழை நிற்காது; கூரையில் பாசி, காரில் பாசி, தபால் பெட்டியில் பாசி. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கிழவர்கள் கராஜுக்குள் அடைந்துகொண்டு எதையாவது நோண்டுவார்கள். ஹோலிஸ் நோண்டியது கம்ப்யூட்டர். திரை, பிரிண்டர், டேப் டிரைவ் எல்லாம் ஒரே பெட்டிக்குள் இருக்கும் பழைய மேசைக் கம்ப்யூட்டர். அந்த டேப் டிரைவுக்குள் கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு ரப்பர் உருளை உண்டு. மோட்டார் அதைச் சுற்றும், அது கேசட்டுக்குள் இருக்கும் சக்கரத்தை உரசிக்கொண்டு சுழலும், டேப் ஓடும். பிடிப்பதும் இழுப்பதும்தான் அதன் வேலை. முப்பது வருஷம் போனால் அந்த ரப்பர் இளகித் தாராகிவிடும். ஒரு இயந்திரமும் தப்பியதில்லை.

மற்றவர்கள் அந்தத் தாரைச் சுரண்டி எறிந்துவிட்டு, மீன் தொட்டிக்குக் காற்று போகும் குழாயில் ஒரு துண்டு வெட்டி மாட்டி, உப்புத்தாளில் தேய்த்து அளவுக்குக் கொண்டுவருவார்கள். ஓடும், நன்றாகவே ஓடும். ஹோலிஸுக்கு அதைக் கேட்டாலே எரிச்சல் வரும். "மீன் தொட்டிக்காரங்க" என்பான். லூத்தரன் சர்ச்சின் கீழ்த்தளத்தில் கூடி, எலுமிச்சைக் கேக்கைத் தின்றுகொண்டு, தாங்கள் எதையோ காப்பாற்றுவதாக நினைத்துக்கொள்ளும் அந்தப் பழைய கம்ப்யூட்டர் சங்கத்துக் கிழவர்களில் ஒருவனையும் அவன் முழுதாக மதித்ததில்லை. அவர்களும் அவனை ஒரு பொருட்டாக எடுத்துக்கொண்டதில்லை என்பது அவனுக்கு உறைத்ததே இல்லை.

சனிக்கிழமை அவர்கள் கண்காட்சி. எல்லாப் பாகமும் அசலாக இருக்கும் இயந்திரத்துக்கு ஒரு நீல ரிப்பன் தருவார்கள். ஒரு முழம் துணி, அவ்வளவுதான். அதற்காக ஹோலிஸ் செய்தது இது: தாரை எறியாமல் சேர்த்தான். வெள்ளரிக்காய் ஊறுகாய் இருந்த கண்ணாடி ஜாடியில், இயந்திரம் இயந்திரமாக, பஞ்சுக் குச்சி பஞ்சுக் குச்சியாக. அதில் கந்தகப் பொடி கலந்து, கராஜில் இருந்த பழைய டோஸ்டர் அடுப்பில் சூடுகாட்டி, அச்சில் ஊற்றி, லேத்தில் பிடித்துக் கடைந்தால் அதே ரப்பர், அதே உருளை. ஒரிஜினல். உலகத்தில் வேறு எவனுக்கும் இது தோன்றவில்லை என்பதில் அவனுக்குத் தலைகால் புரியாத பெருமை. ஏன் தோன்றவில்லை என்று ஒரு தடவையாவது யோசித்திருக்கலாம்.

இயந்திரங்கள் அவனுக்குக் கிடைத்த விதமும் இந்தக் கூட்டத்துக்கே உரியது. பேப்பரில் இரங்கல் செய்திப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவார்கள். என்ஜினியர், வாத்தியார், நிலம் அளப்பவர் என்று யாராவது போயிருந்தால் கொஞ்ச நாள் ஆறவிட்டு வீட்டுக்குப் போன் அடிப்பார்கள். ஹோலிஸ் இதில் கெட்டிக்காரன். "எல்லாம் குப்பைதாம்மா, நான் அப்புறப்படுத்தித் தர்றேன்" என்பான். விதவைகள் நன்றி சொல்லி, கூடவே காபியும் கொடுத்து அனுப்புவார்கள். போன மாதம் பெர்னீஸ் என்று ஒருத்தி, காரில் பெட்டியை ஏற்றுகிற நேரத்தில் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இதோட மூடிதான் அவர் கட்டைவிரலைக் கிழிச்சது. தையல் போட்டோம். அப்பவும் இதை விட மாட்டேன்னார். அவர் கை பட்ட பொருள், கொஞ்சம் பாத்துக்குங்க."

ஹோலிஸ் தலையாட்டிவிட்டு, கார் திரும்பியதும் சிரித்தான்.

திங்கள் பிற்பகல் ஜாடியைத் திறந்தபோது தாரின் மேல்பரப்பில் குழி குழியாகத் தெரிந்தது. காற்றுக்குமிழி உடைந்த குழியாக இருக்கும் என்று விளக்கைக் கிட்டக் கொண்டுபோனான். கராஜ் கூரைத் தகரத்தில் மழை ஒரே சீராகத் தட்டிக்கொண்டிருந்தது, ஹீட்டர் முனகியது, எங்கோ தண்ணீர் ஒழுகி வாளிக்குள் சொட்டியது. கிட்டப் பார்த்தால் அவை குழிகளே அல்ல. மேல்நோக்கி, தோலை உள்ளிருந்து யாரோ முட்டிப் பார்த்ததுபோல, சின்னச் சின்ன மேடுகள். அவன் கரண்டியால் கிளறினான், மேடுகள் அமிழ்ந்தன. ஜாடியில் தார் நேற்றைக்கு இருந்ததைவிடக் கொஞ்சம் உயர்ந்திருப்பதுபோலப் பட்டது. ஈரக்காற்று, உப்பியிருக்கும் என்று ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டான். அவனிடம் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருந்தது.

உருளை அருமையாக வந்தது. லேத்தில் சுற்றும்போது ஒரு மயிரிழை ஆட்டம் இல்லை. இயந்திரத்தில் மாட்டி ஓட விட்டான். மோட்டார் "ம்ம்ம்" என்று இழுத்தது. வழக்கமான சத்தம்தான், ஆனால் டேப் நின்ற பிறகு, வாயை மூடிக்கொண்டு யாரோ கடைசி மூச்சை மூக்கால் விடுவதுபோல, அது ஒரு கணம் பிந்தி நின்றது. ஹோலிஸ் திரும்பவும் ஓட விட்டான். திரும்பவும் பிந்தி நின்றது.

செவ்வாய்க்கிழமை டுவெய்ன் வந்தான். சங்கத்தின் செயலாளர், மீன் தொட்டிக்காரர்களின் தலைவன், பக்கத்துத் தெரு. அவனுக்குக் காட்டாமல் இருக்க ஹோலிஸால் முடியவில்லை.

"பாரு. நல்லாப் பாரு. இதுக்குப் பேர்தான் வேலை."

டுவெய்ன் குனிந்து பார்த்தான், மோந்தான், முகம் சுளித்தான். "செத்த மனுஷங்க ரப்பரையெல்லாம் ஒரே சட்டியில போட்டுக் காச்சினியா? உனக்குப் புத்தி எங்கயோ கழண்டுபோச்சுடா." சொல்லிக்கொண்டே உருளையை விரலால் தொட்டான். "ஏய், வெதுவெதுன்னு இருக்கு."

"மோட்டார் சூடு."

"இன்னைக்கு ஓட்டினியா?"

ஹோலிஸ் துணியை எடுத்துப் பெட்டியைத் துடைத்தான். காலையிலிருந்து ஓட்டவில்லை. டுவெய்ன் விரலை எடுக்கப் பார்த்தான். வரவில்லை. ஒரு சிரிப்புச் சிரித்து, இன்னொரு கையால் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். பிளாஸ்திரி உரிகிற சத்தம் கேட்டது. விரல் நுனியில் தோல் இல்லை. ரோஜா நிறத்தில் சதை தெரிந்தது, ரத்தம் இன்னும் வரவில்லை. உருளைமேல் அந்தத் தோல் ஒரு துளிகூட ஒட்டியிருக்கவில்லை.

கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு கராஜ் வாசலில் நின்று டுவெய்ன் சொன்னான். "எடுத்து எறிஞ்சிடு, ஹோலிஸ். விளையாட்டுக்குச் சொல்லல. நான் உனக்கு ஒரு அடி குழாய் சும்மா தர்றேன்."

"உன் மீனுக்கு வெச்சுக்கோ."

அவன் போன பிறகும் ஹோலிஸ் அந்த வார்த்தையை நினைத்து நினைத்துச் சிரித்தான். சரியான பதில் கொடுத்தோம் என்று திருப்தி. உருளையைத் தொட்டுப் பார்க்க மட்டும் அன்றைக்கு அவனுக்கு மனம் வரவில்லை.

புதன் காலை லவோனின் வாக்கர் கைப்பிடியில் கருப்பு. நாற்காலிக் கையில் கருப்பு. முன்னறை வெளிச்சத்தில், ஜன்னலில் மழை வழிகிற நிழல் கம்பளத்தில் நெளிந்துகொண்டிருக்க, ஹோலிஸ் ஸ்பிரிட் பாட்டிலோடு மண்டியிட்டுத் துடைத்துக்கொண்டே முணுமுணுத்தான்: கழுவாத கை, கண்டதைத் தொடுகிற கை, நாற்பது வருஷம் சொல்லியும் திருந்தாத கை. ஆனால் லவோன் அன்றைக்குச் சண்டைக்கு வரவில்லை. அவனை ஒரு மாதிரி கனிவாகப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவன் பார்த்து எத்தனையோ வருஷம் ஆயிற்று.

"காலைல தூக்கி விட்டதுக்குத் தேங்க்ஸ்" என்றாள்.

"எதைத் தூக்கி விட்டேன்?"

"நாற்காலிலேருந்து எந்திரிக்க முடியாம இருந்தேன்ல? பின்னாலேருந்து கையைக் குடுத்துத் தூக்கின. ஒண்ணும் பேசாமப் போயிட்ட, அது உன் குணம். கை வெதுவெதுன்னு இருந்துச்சு. ரொம்ப வருஷம் கழிச்சு இவன் என்னைத் தொடுறானேன்னு நெனச்சேன்."

காலையில் அவன் கராஜில் இருந்தான். இயந்திரத்தை மெருகேற்றிக்கொண்டிருந்தான். நான் இல்லை என்று சொன்னால் பிறகு யார் என்ற கேள்வி வரும். "சரி சரி" என்று எழுந்துகொண்டான். எழும்போதுதான் அவள் ஸ்வெட்டரின் முதுகைப் பார்த்தான். அக்குள் பக்கம் இரண்டு கைத்தடம். தோளில் இரண்டு. இடுப்பில் இரண்டு. எல்லாம் கருப்பு. ஒன்று குட்டை விரல், ஒன்று நீள விரல், ஒன்று கட்டைவிரலில் தழும்பு உள்ளது.

தழும்பு. பெர்னீஸ் பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. தனக்குப் பயமாக இருக்கிறது என்று ஹோலிஸுக்குத் தெரிந்தது. அந்தப் பயத்தைவிட, பயப்படுகிற ஆளாகத் தான் ஆகிவிட்டதுதான் அவனுக்கு அதிகம் வலித்தது. பேய் பிசாசு என்று உளறுகிற கிழவர்களை அவன் என்னவெல்லாம் கேலி பண்ணியிருக்கிறான்.

வியாழக்கிழமை லவோனின் கனிவு போய்விட்டிருந்தது. சட்டைக் கையை மேலே ஏற்றிக் காட்டினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை விரல் அடையாளங்கள், ஒன்றன்மேல் ஒன்று. ஹோலிஸ் ஸ்பிரிட் போட்டுத் தேய்த்தான். அழியவில்லை. சோப்பு, மண்ணெண்ணெய், எலுமிச்சை, எதற்கும் அழியவில்லை. அவை தோலின்மேல் இல்லை. தோலுக்குள் இருந்தன.

"அமுக்கிப் பாரு" என்றாள்.

அமுக்கினான். விரல் லேசாக உள்ளே போயிற்று. எடுத்தபோது ஒட்டிக்கொண்டு வந்தது.

லவோன் கையை மடியில் ஒளித்துக்கொண்டாள். அவள் அழுகிற ஜாதி இல்லை. அன்றைக்கு உதடு நடுங்கியது. "அது நீ இல்ல. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. பகல்ல கண்ணை மூடினா வந்து பிடிக்குறாங்க. மெதுவாத்தான் பிடிக்குறாங்க. என்னை ஆர்லீன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ, ஹோலிஸ். இன்னைக்கே போலாம்."

ஆர்லீன் அவள் தங்கை. கடற்கரை ஊர், காரில் போனால் ஒரு காலைப் பொழுது. காரை எடுத்திருக்கலாம். வாக்கரைப் பின்னால் போட்டு, அவளைத் தூக்கி முன்னால் உட்கார வைத்து, மலைப்பாதையைத் தாண்டிப் போயிருக்கலாம். அவனுக்கும் அப்படித்தான் தோன்றியது. அவளில்லாத வீட்டை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தான். அந்த நாற்காலி காலியாக, அவனைத் திட்ட ஒரு நாதியும் இல்லாமல். தாங்காது. அவளை அவன் நேசித்தான், தன் மோசமான வழியில், யாரிடமும் சொல்லாமல்.

ஆனால் போனால் கண்காட்சி போயிற்று. டுவெய்ன் கைக்கட்டைக் காட்டிக் கதை சொல்லுவான். நான் சொன்னேனில்ல என்பான். கேக்கைக் கடித்துக்கொண்டு எல்லாரும் தலையாட்டுவார்கள். மீன் தொட்டிக்காரர்கள்.

"சனிக்கிழமை முடிஞ்சதும் போலாம்" என்றான் ஹோலிஸ். "ஒரு ரெண்டு நாள் பொறுத்துக்க மாட்டியா? தோல் அலர்ஜிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?"

லவோன் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "உன்னை மாதிரி ஒரு அற்பனை நான் பாத்ததில்ல" என்றாள் மெதுவாக.

அவனால் ஆனதைச் செய்தான், அதையும் சொல்லிவிடவேண்டும். ஜாடியின் மூடியைத் திருகி, ஒட்டு டேப் சுற்றி, பெயிண்ட் டப்பாவுக்குள் வைத்து, அதைத் தோட்டத்துக் கொட்டகையில் பூட்டினான். வெள்ளிக்கிழமை முழுக்க அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். ஒரு புது அடையாளமும் வரவில்லை. பார்த்தாயா என்றான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாலையில் அவள் தலை தோளில் சாய்ந்தபோது அவனுக்கு நிம்மதியாக இருந்தது. தூங்குகிறாள் என்று நினைத்தான். அவள் விரல்கள் மட்டும் மடியில் லேசாக அசைந்துகொண்டிருந்தன.

சனிக்கிழமை காலை மழை விட்டிருந்தது. பனி. வேலி தெரியவில்லை. ஹோலிஸ் இயந்திரத்தைப் போர்வையில் சுற்றிக் காரின் பின்சீட்டில் வைத்து பெல்ட் மாட்டினான். கழுத்தில் டை கட்டியிருந்தான். அவளிடம் சொல்லிக்கொண்டு போக உள்ளே வந்தான்.

நாற்காலி காலி.

வாக்கர் அங்கேயே நின்றது. கைப்பிடியில் கருப்பு இல்லை. எங்கேயும் இல்லை. சுவர், கம்பளம், கதவு, எல்லாம் பளிச்சென்று இருந்தன. யாரோ எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொண்டதுபோல.

"லவோன்?"

ஃபிரிட்ஜின் உறுமல். அதற்கு அடியில் இன்னொரு சத்தம். மோட்டார் சத்தம். "ம்ம்ம்" என்று.

இயந்திரம் காரில் இருந்தது.

கராஜிலிருந்து வந்தது. சமையலறைக்கும் கராஜுக்கும் நடுவில் இருந்த கதவு லேசாகத் திறந்திருந்தது. அந்த நாற்றம். ஹோலிஸ் கதவைத் தள்ளினான். பெஞ்சின்மேல், கொட்டகையில் வைத்துப் பூட்டிய ஊறுகாய் ஜாடி. மூடி இருந்தது, சுற்றிய டேப் இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. கழுவிக் கவிழ்த்ததுபோலச் சுத்தம்.

லேத் ஓடிக்கொண்டிருந்தது.

அவன் ஸ்டூலில் லவோன் உட்கார்ந்திருந்தாள். முதுகு காட்டி. இரவு உடுப்போடு. கொஞ்சம் குனிந்து, தோளை இறுக்காமல், நல்ல வேலைக்காரன் உட்காருகிற மாதிரி. கை லேத்துக்குள் இருந்தது. உப்புத்தாள் உரசுகிற மெல்லிய சத்தம். கருப்புத் தூள் மடியில் விழுந்துகொண்டிருந்தது.

"அங்க என்ன பண்ற?" என்றான் ஹோலிஸ். குரல் அவனுக்கே கேட்கவில்லை. "கை வெட்டுப்படும். நிறுத்து."

"இரு. ஒண்ணு பாக்கி."

காத்திருந்தான். ஏன் ஓடவில்லை என்று அவனுக்குத் தெரியாது. லேத் நின்றது. சத்தம் மட்டும் ஒரு கணம் பிந்தி நின்றது. லவோன் எழுந்தாள். எதையும் பிடிக்காமல், இடுப்பு நோகாமல், சின்னப் பெண் மாதிரி எழுந்து திரும்பினாள்.

முகம் அவளுடையதுதான். புன்னகை அவளுடையதல்ல. இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். நகம் இல்லை. கணு இல்லை. கோடு இல்லை. பத்து விரலும் கருப்பாக, வழவழப்பாக, உருண்டையாக. ஒரு மயிரிழை ஆட்டம் இல்லை. அந்த நேரத்திலும் ஹோலிஸின் கண் முதலில் பார்த்தது அதைத்தான். தன்னால்கூட இவ்வளவு சரியாகக் கடைந்திருக்க முடியாது என்று அவன் மனம் சொன்னது. அப்புறம்தான் ஓரடி பின்வாங்கினான்.

"இப்ப வலிக்கவே இல்ல" என்றாள். அவள் குரலில் பல பேர் இருந்தார்கள்.

அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. மெதுவாகத்தான் பிடித்தாள். அவன் இழுத்தான். வரவில்லை. மறுகையால் தள்ளினான். அந்தக் கையும் போய் ஒட்டிக்கொண்டது.

"லவோன், கார் வெளியதான் நிக்குது. ஆர்லீன் வீட்டுக்குப் போலாம். இப்பவே போலாம்."

மோட்டார் சத்தம் அவள் தொண்டையிலிருந்து வந்தது. கை அசையவில்லை. விரல்கள் சுழல ஆரம்பித்தன. ஒவ்வொன்றும் அது அது இருந்த இடத்தில், ஒரே வேகத்தில், எல்லாம் ஒரே பக்கமாக.

அவன் மணிக்கட்டுத் தோல் இறுகியது. கிழியவில்லை. ரத்தம் வரவில்லை. சுருக்கமில்லாமல், சீராக, விரல்களுக்கு அடியில் உள்ளே போயிற்று. அரைக்கைச் சட்டைக்குள் தோளிலிருந்து ஏதோ நழுவி இறங்குவதை உணர்ந்தான். குனிந்து பார்த்தான். முழங்கையில் இருந்த மச்சம் அவளை நோக்கி ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது. கையின் நடுவைத் தாண்டியது. மணிக்கட்டுக்கு வந்தது. விரலுக்கு அடியில் போய் மறைந்தது. அதன் பின்னால் தோளில் இருந்த அம்மை குத்திய தழும்பு இறங்கி வந்துகொண்டிருந்தது.